பழைய ஹால், சின்ன பட்ஜெட்

1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டில் கட்டிய நடுத்தர வர்க்க வீடுகளில் ஹால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். 12-க்கு 15 அடி. தரையில் மொசைக். ஒரு சுவர் முழுக்கச் சிமெண்ட் தட்டு போட்ட ஷோகேஸ், அதற்குத் தள்ளுக் கண்ணாடி. நடுவில் டி.வி. உட்கார ஒரு பெரிய பொந்து. எதிரே 3+1+1 சோபா. கூரைக்கு ஓர் அடி கீழே டியூப்லைட். வாசல்நிலைக்கு மேலே சாமி படங்கள். பக்கத்து ஆணியில் தினசரி காலண்டர், அதன் பின்னால் செருகிய கேஸ் ரசீதுகளும் பழைய கல்யாணப் பத்திரிகைகளும்.

இந்த அமைப்பு சும்மா வரவில்லை. சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது 1975-ல். கலர் ஒளிபரப்பு 1982-ல். அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஹாலுக்கு நடுநாயகம் டி.வி.தான். அன்றைய பிக்சர் டியூப் பெட்டி, 21 அங்குலத் திரைக்கே, பின்பக்கம் ஒன்றரை அடி நீண்டிருக்கும். அதை உட்காரவைக்க ஆழமான பொந்து வேண்டும். பொந்து வந்தால் இரண்டு பக்கமும் தட்டு வேண்டும். தட்டு வந்தால் அதை நிரப்பப் பொம்மை வேண்டும். இப்படியே ஷோகேஸ் ஒரு சுவரை முழுசாக விழுங்கியது. இப்போதைய டி.வி. மூன்று விரல் தடிமன், சுவரில் மாட்டியாகிவிட்டது. பொந்து மட்டும் செட்டாப் பாக்ஸ், மோடம், சிக்குப்பிடித்த ஒயர் என்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

ஹாலை மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் முதலில் வருகிற யோசனை இரண்டு. தரைக்கு டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங். கையில் இருக்கிற பணம் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே கரைந்துவிடும். சோபாவுக்கு வரும்போது "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" ஆகிவிடும். உண்மையில் ஒரு ஹாலைப் பழசாகக் காட்டுவது தரையும் இல்லை, கூரையும் இல்லை. அழுக்கேறிய சுவர், ஒரே ஒரு மூலையிலிருந்து வருகிற வெளிச்சம், சுவரோரம் அடைத்து நிற்கும் சாமான். இவை மூன்றுக்கும் ஆகிற செலவு டைல்ஸ் செலவைவிட மிகக் குறைவு. ஆகவே சின்ன பட்ஜெட்டில் வேலையை ஆரம்பிக்க வேண்டிய இடம் அங்கேதான்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. சண்டை மட்டும் உண்டு.

அது ஷோகேஸைக் காலி செய்வது. கண்ணாடிப் பெட்டிக்குள் தாஜ்மஹால், கழுத்து உடைந்த தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, ராமேஸ்வரத்துச் சங்கு, ஆறாம் வகுப்புப் பேச்சுப்போட்டிக் கேடயம், கிரகப்பிரவேசத்துக்கு யாரோ வைத்துக் கொடுத்த சுவர்க்கடிகாரம் (ஓடாது, ஆனால் எறியக் கூடாது), யாருமே எதையும் ஊற்றிக் குடித்திராத கண்ணாடித் தம்ளர் செட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல் வீட்டுக்குள்ளேயே இருப்பார். "அது கொலுவுக்கு ஆகும்." "அது மாமா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டுவந்தது." இந்த வழக்கை ஒரே நாளில் தீர்க்கப் பார்ப்பது வீண். எல்லாவற்றையும் துடைத்து, அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவது நல்ல உபாயம். எறிவதாகச் சொன்னால்தான் எதிர்ப்பு. பரணில் வைப்பதாகச் சொன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்த போகி வருவதற்குள் யாரும் தேடாதது எதுவோ அதற்கு இனி வக்கீல் கிடையாது.

காயலான் கடைக்குப் போடும்போது ஒரு ஜாக்கிரதை. இரும்பு, அலுமினியம், பழைய பேப்பர் எல்லாம் எடைக்குப் போகட்டும். பித்தளை, வெண்கலம், பழைய மரச்சாமான் இவற்றை எடைக்குப் போடக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கிற பழம்பொருள் கடைகளில் ஓர் அரைமணி நேரம் நடந்தால் காரணம் தெரியும். வீட்டில் "அடைசல்" என்று கழிக்கப்பட்ட செம்பும் தூக்குச்சட்டியும் எனாமல் தட்டும் அங்கே உருப்படிக் கணக்கில் விலை சொல்லப்படுகின்றன. வெளியே போட்டதையே கொஞ்ச நாள் கழித்து "ஆண்டிக்" என்று வாங்கி வருகிற குடும்பங்களும் உண்டு.

காலி செய்த பிறகு சாமான்களை நகர்த்திப் பார்க்க வேண்டும். பழைய ஹாலில் எல்லாமே சுவரை ஒட்டி நிற்கும், நடுவில் வெற்றுத்தரை இருக்கும். கல்யாணம், காதுகுத்து என்றால் பந்திப்பாய் விரிக்க அந்த இடம் தேவைப்பட்டது. இன்று அதற்கு மண்டபம் இருக்கிறது. ஒற்றை சோபா இரண்டையும் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்து, பெரிய சோபாவை நோக்கிக் கொஞ்சம் சாய்த்துப் போட்டாலே அறை வேறு மாதிரி ஆகும். ஆள் நடக்க மூன்று அடி வழி விட்டால் போதும். டி.வி.யின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் அதுதான். ஷோகேஸ் தட்டுக்கு மேலே இடம் இருந்ததால் ஐந்தடிக்கு மேல் மாட்டிவிட்டு, கழுத்துவலிக்குத் தைலம் வாங்குகிற வீடுகள் ஏராளம்.

அடுத்து, பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் சுவரைப் படிக்க வேண்டும்.

கீழ்த்தள வீடுகளில் சுவரின் கீழ் மூன்றடி பெரும்பாலும் பொரிந்திருக்கும். வெள்ளையாக உப்பு பூக்கும், கை வைத்தால் பொலபொலவென்று உதிரும். பூமியின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, தன்னோடு உப்பையும் கொண்டுவந்து, சுவரின் முகத்தில் தண்ணீரை மட்டும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. அந்த உப்பு படிகமாகும்போது பெயிண்டை நெட்டித் தள்ளும். இதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலம்தான். அதேபோல் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா, மொட்டைமாடித் தட்டோட்டில் விரிசல் இருக்கிறதா, மழைத்தண்ணீர்க் குழாய் சுவருக்குள் கசிகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். சந்தேகமான இடத்தில் ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டால் விஷயம் வெளிப்படும். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறையின் காற்றில் இருக்கிற ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

சுவர் ஈரம் என்றால் கொத்தனார் வேலை. கசிவை முதலில் அடைத்து, உப்பேறிய பூச்சை ஈரம் தெரிகிற உயரத்துக்கு ஓர் அடி மேலே வரை கொத்தி எடுத்து, நீர்த்தடுப்பு மருந்து கலந்து மறுபடி பூச வேண்டும். புதுப் பூச்சு நன்றாகக் காய மூன்று நான்கு வாரம் ஆகும். இந்தக் காத்திருப்பைத்தான் யாரும் விரும்புவதில்லை. பதிலாக பி.வி.சி. பேனலோ வால்பேப்பரோ ஒட்டி மூடிவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார். மூடலாம். உள்ளே ஈரமும் பூஞ்சையும் பத்திரமாக வளரும், பசை விடும், பேனலுக்குப் பின்னால் கரையான் புற்று கட்டினாலும் தெரியாது. ஈரச் சுவரை மறைக்கிற எந்தச் சாமானும் பணத்துக்குக் கேடு.

ஒயரிங்கும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியது. அந்தக் காலத்து ஹாலில் பிளக் பாயிண்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் சுவிட்ச் போர்டிலேயே. இன்று டி.வி., செட்டாப் பாக்ஸ், மோடம், இரண்டு போன் சார்ஜர், மாலையில் கொசு மருந்து மெஷின் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குகின்றன. பல வீடுகளில் அந்தப் பாயிண்டுக்கு எர்த் ஒயரே கிடையாது. சுவரைக் கொத்துகிற நேரத்தில் டி.வி. பக்கம் நான்கு பாயிண்டும் சோபா பக்கம் இரண்டும் எர்த்தோடு இழுத்துவிட்டு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுவிடுவது நல்லது. இது கண்ணுக்குத் தெரியாத செலவு, வருகிறவர் யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் பெயிண்ட் அடித்த பிறகு இதற்காகச் சுவரைக் கொத்துவது இரட்டைச் செலவு.

இனி பெயிண்ட். சின்ன பட்ஜெட்டில் மிகப் பெரிய மாற்றம் இதில்தான் கிடைக்கிறது. ஏமாறுவதற்கு வாய்ப்பும் இதில்தான் அதிகம்.

அளவு முதலில். 12-க்கு 15 ஹாலின் நான்கு சுவரும் சேர்ந்து 54 அடி நீளம். உயரம் 10 அடி என்றால் 540 சதுர அடி. வாசக்கால், உள் கதவுகள், நான்குக்கு நான்கு ஜன்னல் இரண்டு எல்லாம் கழித்தால் சுமார் 440 சதுர அடி. எமல்ஷன் பெயிண்ட் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குத் தரத்தைப் பொறுத்துச் சுமார் 100 முதல் 140 சதுர அடி வரும். ஆகச் சுவருக்கு நான்கு லிட்டர் டின் ஒன்றும் பற்றாக்குறைக்கு ஒரு லிட்டரும் போதும். கூரைக்கு 180 சதுர அடி. இரண்டு லிட்டர் வெள்ளை. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் கடைக்குப் போனால் 20 லிட்டர் டின் தலையில் கட்டப்படும் ("லிட்டருக்கு ரேட் குறையுது சார்"), மிச்சம் படிக்கட்டுக்கு அடியில் இறுகிக் கிடக்கும்.

பெயிண்டின் விலையைவிடக் கூலி அதிகம், கூலியில் பெரும்பகுதி அடிப்பதற்கு இல்லை, அடிப்பதற்கு முந்திய வேலைக்குத்தான். பழைய சுவரில் கீழ் அடுக்கு சுண்ணாம்பு, அதன்மேல் டிஸ்டெம்பர், சில வீடுகளில் அதற்கும் மேல் ஒரு எமல்ஷன் என்று வருஷக் கணக்கில் அடுக்கிக்கொண்டே போயிருப்பார்கள். சுவரைக் கையால் தேய்த்துப் பார்த்தால் உள்ளங்கையில் மாவு ஒட்டும். செலோடேப்பை அழுத்தி ஒட்டிப் படாரென்று இழுத்தால் தோலோடு வரும். அந்த மாவின் மேல் எமல்ஷன் அடித்தால், பெயிண்ட் பிடித்துக்கொள்வது சுவரை அல்ல, மாவைத்தான். ஆறு மாதத்தில் சப்பாத்தி போல உப்பிக் கழன்றுவிடும். அதனால் தட்டைக் கரண்டியால் சுரண்டுவது, தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது, விரிசலை வெட்டி அடைப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பிரைமர் ஒரு கோட் என்று வரிசையாகப் போக வேண்டும். பட்டியைப் பொறுத்தவரை இரண்டு கை மெல்லிசாக இழுப்பது நல்லது. ஒரே கையில் தடியாக அப்பினால் வெடிக்கும்.

கான்ட்ராக்ட் பேசும்போது "ஹால் மொத்தம் இவ்வளவு" என்று பேசினால் இந்த வேலைகளில்தான் கை வைப்பார்கள். எத்தனை கை பட்டி, எத்தனை கோட் பெயிண்ட், பிரைமர் யார் வாங்குவது என்று வாயால் சொல்லாமல் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழைய ஜன்னல் கம்பி, கதவு, சுவரின் கீழ்ப்பாதி இவற்றில் அடித்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்தவை பற்றி உத்தரவாதம் இல்லை. அவற்றை உலர்ந்தபடி தேய்த்தால் தூள் காற்றில் கலக்கும். வாட்டர் பேப்பரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், அந்த நாட்களில் குழந்தைகள் பாட்டி வீட்டில் இருப்பது நல்லது.

நிறம் அவரவர் இஷ்டம்தான் என்றாலும் சில விஷயங்கள் நிச்சயம். கடையின் ஷேட் அட்டையில் தெரிகிற நிறம், சுவர் முழுக்க வந்ததும் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். அதனால் மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது வழக்கம். 90-களில் வந்த ரோஸ், பிஸ்தா பச்சை, ஆகாய நீலம் இவைதாம் ஹாலை உடனே அந்தப் பத்தாண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துபவை. மொசைக் தரையில் உள்ள கல்துண்டுகளில் ஒரு நிறத்தை எடுத்து அதன் வெளிறிய சாயலைச் சுவருக்கு அடித்தால் தரையும் சுவரும் சேர்ந்துகொள்ளும். ஒரு சுவருக்கு மட்டும் மெரூன் அடிக்கிற மோகம் சில வருஷம் ஓடி இப்போது அடங்கிக்கொண்டிருக்கிறது, அடங்கட்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் பட்டி காயாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களில் பெயிண்டர் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் ஓடுகிற ஓட்டத்தில் அடிப்பார். பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் நன்றாகக் காயும். ஆடியில் புது வேலை தொடங்க வீட்டுக்காரர்கள் தயங்குவதால் ஆட்கள் சும்மா இருப்பார்கள், கூலியும் பேசிப் பார்க்கலாம்.

சுவர் வெளுத்ததும் வெளிச்சத்தின் குறை தெரிய வரும். ஒரு சுவரின் உச்சியில் ஒரே டியூப்லைட் இருந்தால், அதன் கீழே உட்கார்ந்தவர் முகத்தில் நிழல், எதிரே உட்கார்ந்தவர் கண்ணில் கூச்சம். சோக், ஸ்டார்ட்டரோடு எரிகிற பழைய டியூப் மொத்தம் சுமார் 50 வாட் இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பட்டி லைட் 20 வாட். தினம் ஆறு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 360 மணி நேரம் என்று பார்த்தால் பழையதற்கு 18 யூனிட், புதியதற்கு 7 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் என்பதால் இந்த 11 யூனிட், ரேட் மாறும் விளிம்பில் இருக்கிற வீட்டுக்குக் கணிசம்.

நிறத்தில் தகராறு வரும். பெட்டியில் 6500 கே என்று போட்டிருப்பது நீலம் கலந்த வெள்ளை, 3000 கே மஞ்சள். படங்களில் பார்க்கிற அழகான ஹால் எல்லாம் மஞ்சள்தான், ஆனால் வீட்டில் போட்டதும் "என்ன இது, லோ வோல்டேஜ் மாதிரி இருக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாகவே வேண்டும், பேப்பர் படிக்க வேண்டும், அரிசியில் கல் பார்க்க வேண்டும். நடுவே 4000 கே என்று ஒன்று இருக்கிறது. அதில் பட்டி லைட் இரண்டு, எதிரெதிர்ச் சுவரில், தனித்தனி சுவிட்சில். கூடவே சோபா மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு, டி.வி. பார்க்கும்போது மட்டும். மொத்தத்தில் ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

ஃபால்ஸ் சீலிங் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தடி உயரத்தில் முக்கால் அடியைத் தின்றுவிடும், ஃபேன் கீழே இறங்கும், மாடியில் கசிவு வந்தால் ஜிப்சம் பலகையில் தேநீர்க் கறை போல வட்டம் விழும். சென்னை, கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரவிட்டமும் செங்கல் அடுக்குமாக உள்ள மெட்ராஸ் டெரஸ் கூரையை இதைப் போட்டு மறைப்பது பாவம். ஃபேன் மாற்றுவதாக இருந்தால், பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். ஆனால் புதியதைப் பழைய ரெகுலேட்டரோடு கோக்கக் கூடாது, அதை எடுத்துவிட்டு நேரே கொடுக்க வேண்டும்.

தரைக்கு வருவோம். மொசைக் தரையைப் பழசு என்று ஒதுக்குவதில் ஒரு வேடிக்கை. சிமெண்டோடு பளிங்குக் கல்துண்டுகளைக் கலந்து, கண்ணாடிப் பட்டை கட்டங்களுக்குள் கொட்டி இறுக்கி, பிறகு மெஷினால் அரைத்து எடுத்த தரை அது. இதையே டெராசோ என்று பெயர் மாற்றி இன்று பெரிய ஹோட்டல்களில் அதிகம் செலவழித்துப் போடுகிறார்கள். வீட்டு மொசைக் மங்கியதற்குக் காரணம் முப்பது வருஷ அழுக்கு மட்டும் இல்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஊற்றித் தேய்த்த பாத்ரூம் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பளிங்கைக் கரைக்கும். நுரைத்துக் கிளம்புவது அழுக்கு அல்ல, கல்லேதான். அப்படித் தேய்த்த தரை அன்றைக்கு வெளுத்துக் காட்டும், பிறகு சொரசொரவென்று ஆகி முன்னிலும் வேகமாக அழுக்கைப் பிடிக்கும். எலுமிச்சை, வினிகர் கூட இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும்.

இதற்கு மருந்து மறு பாலிஷ். விழுந்த குழிகளை அதே நிறச் சிமெண்டில் அடைத்துக் காயவிட்டு, மெஷினில் முதலில் கரடுமுரடான கல், பிறகு படிப்படியாக நைசான கல் கட்டித் தண்ணீர் விட்டு அரைப்பார்கள். கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் தூள் போட்டு மெருகேற்றுவார்கள் (இந்த ஆசிட் வேறு, இது மேற்பரப்பில் பளபளப்பைத்தான் தரும்). அரைக்கும்போது சிமெண்ட் பால் நாலாபக்கமும் தெறித்துச் சுவரில் ஓர் அடி உயரம் வரை அப்பிவிடும். மூலைகளுக்கு மெஷின் போகாது, அங்கே கையால் தேய்க்கச் சொல்லி நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் நான்கு மூலையிலும் பழைய தரை கறுப்பு முக்கோணமாக எஞ்சி நிற்கும்.

மொசைக் பாளம் பாளமாக வெடித்து, தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்டால் மட்டும் டைல்ஸ் பற்றி யோசிக்கலாம். பழைய தரையின் மேலேயே பசை போட்டு ஒட்டலாம். ஆனால் மட்டம் முக்கால் அங்குலம் வரை ஏறும். எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டும், பக்கத்து அறைக்கு நடுவே ஒரு தடுக்கல் உண்டாகும், அதில் முதலில் தடுக்கி விழுவது வயதானவர்கள்தான். இரண்டுக்கு இரண்டு அடி டைல் பெட்டியில் நான்கு இருக்கும், 16 சதுர அடி. 180 சதுர அடிக்கும் வெட்டுச் சேதம் பத்து சதவீதத்துக்கும் 13 பெட்டி. ரெட் ஆக்சைடு தரை இருக்கிற வீடுகளில் இதெல்லாம் எதுவும் வேண்டாம். நன்றாகக் கழுவிக் காயவைத்து, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, எஞ்சியதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் நிறம் மீண்டுவரும்.

காலியான ஷோகேஸை என்ன செய்வது? இடிப்பது கடைசி யோசனை. தட்டுகள் சுவரோடு வார்த்தவை என்றால் இடிக்கும்போது சுவரும் வரும். கண்ணாடிக் கதவுகளைக் கழற்றி, உள்பக்கத்துக்கும் சுவரின் நிறத்தையே அடித்தால் பெட்டி மறைந்து அலமாரி மட்டும் நிற்கும். கீழ் இரண்டு தட்டுக்கு மைக்கா ஒட்டிய பிளைவுட் கதவு. ஒயரும் மோடமும் அதற்குள் போகட்டும் (மோடம் இருக்கிற தட்டின் கதவில் காற்றுக்கு ஓட்டை விட ஆசாரியிடம் சொல்ல வேண்டும்). மேல் தட்டுகளில் புத்தகம், ஒரு குத்துவிளக்கு, இரண்டே இரண்டு பொம்மை. தட்டில் பாதி காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. காலி இடம் கண்ட வீட்டில் சும்மா இருக்க யாருக்கும் கை வராது.

சோபாவைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனத்தால், அநேகமாகத் தேக்கோ வேறு கெட்டி மரமோதான். கால்களைத் தட்டிப் பார்த்து உளுத்த சத்தம் வராமல், மூட்டுகள் மட்டும் ஆடினால், அந்தச் சட்டத்தை விடவே கூடாது. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கிற சோபாக்களின் உள்ளே இருப்பது சாதா மரமும் ஸ்டேப்பிள் பின்னும்தான். மூட்டுக்குப் பசையும் ஆப்பும், உட்கார 40 டென்சிட்டி ஃபோம், முதுகுக்கு அதைவிட மெத்தென்று ஒன்று, மேலே ரெக்சினுக்குப் பதில் கெட்டியான பருத்தித் துணி, கழற்றித் துவைக்க ஜிப். வெயில் காலத்தில் ரெக்சினில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு ஏன் துணி என்று விளக்கத் தேவையில்லை. மரத்துக்கு அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பழைய பாலிஷே போதும். தண்ணீர் பட்டால் வெளுக்கும் என்பதால் டீப்பாய்க்கு மட்டும் மெலமைன். குஷன் கடையில் துணியைத் தாங்களே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசுகிற குடும்பங்கள் நல்ல மிச்சம் பார்க்கின்றன.

திரைச்சீலைக்கும் அதே வழி. ஜன்னல் நான்கடி அகலம் என்றால் துணி எட்டடி அகலம் வேண்டும், அப்போதுதான் மடிப்பு விழும். கம்பியை ஜன்னலுக்கு அரையடி மேலேயும் இரண்டு பக்கமும் அரையடி வெளியேயும் தள்ளி மாட்டி, சீலையைத் தரை வரை விட்டால் ஜன்னல் பெரிதாகத் தெரியும். நான்கடி அகலத் துணியில் ஜன்னலுக்கு இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர். இரண்டு ஜன்னலுக்குப் பத்து மீட்டர். கரூர் பக்கத்துத் துணி ஏற்றுமதியில் மிஞ்சிய ரகங்கள் பல ஊர்க் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கின்றன. சென்னைக்காரர்களுக்குக் கோடவுன் தெரு இருக்கிறது. பருத்தி என்றால் தைப்பதற்கு முன்னால் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவையலில் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். தரைக்குச் செயற்கைக் கம்பளம் வேண்டாம், தூசிதான் சேரும். பவானி ஜமக்காளமும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றவை. ஜமக்காளத்தின் அகலப் பட்டை நிறங்கள் வெளிறிய சுவருக்கு முன்னால் எடுப்பாக இருக்கும், அழுக்கானால் அலசி மொட்டைமாடியில் போடலாம்.

வாடகை வீட்டில் கதை வேறு. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், ஒயரிங் பராமரிப்பு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் பிரித்துச் சொல்கிறது; ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் அதன்படி. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மற்றபடி கையோடு எடுத்துப் போகக் கூடியவற்றில் மட்டும் பணம் போடுவது புத்திசாலித்தனம்: விளக்கு, சீலை, சோபா உறை, ஜமக்காளம்.

வேலைகளின் வரிசை மாறினால் செலவு இரட்டிக்கும். காலி செய்தல், கசிவு அடைத்தல், ஒயரிங், பூச்சு, அது காய்கிற வாரங்களில் சோபாவை வேலைக்கு அனுப்புதல், பிறகு பட்டி, பிரைமர், முதல் கோட். அதன்பின் மொசைக் மெஷின் வந்து சுவரை அசிங்கப்படுத்திவிட்டுப் போகும். கடைசிக் கோட் அதற்குப் பிறகுதான். பெயிண்டருக்குக் கூலியில் ஒரு பங்கை அந்தக் கடைசிக் கோட் வரை நிறுத்தி வைப்பது வழக்கம். முழுக்கக் கொடுத்துவிட்டால் அவர் அடுத்த வீட்டுச் சாரத்தில் நிற்பார். மிச்சப் பெயிண்டில் அரை லிட்டரைக் காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, ஷேட் எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டி வைத்தால், பின்னால் ஆணி பிடுங்கிய ஓட்டைகளுக்குத் தொட்டுவைக்க உதவும்.